பேதி நின்னும் கல்ச்சர்ல சால்மோனெல்லா: மருந்து கேட்டு வாங்கணுமா?

ரெண்டுவாலு_அம்மா:
பையனுக்கு மூணு வயசு. போன மாசம் காய்ச்சல், பேதின்னு துவண்டு கிடந்தான். இப்போ ஆட்டம் தாங்கல. ஆனா திரும்ப எடுத்த மலப் பரிசோதனையில சால்மோனெல்லா இருக்குன்னே வந்திருக்கு. டாக்டர் ஆன்டிபயாட்டிக் வேண்டாம்ங்கிறார். கிருமியை உள்ள வச்சுக்கிட்டு எப்படிச் சும்மா இருக்கிறது? வீட்டுல ரெண்டு மாசக் கைக்குழந்தை வேற.

லேப்காரர்:
அம்மா, கல்ச்சர் தட்டு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கிற தட்டு, பார்த்தே தலை நரைச்சவன் நான். சிவப்புத் தட்டுல நடுவுல கருப்புப் பொட்டு வச்ச மாதிரி வளரும். பேதி நின்னு வாரக்கணக்கான பிறகும் அந்தப் பொட்டு வரும். பாதிப் பேருக்கு 5 வாரம் தாண்டியும் கிருமி வெளியேறிக்கிட்டுதான் இருக்கும். 5 வயசுக்குள்ள இருக்கிற பிள்ளைகளுக்கு இன்னும் இழுக்கும். ஒரு வருஷம் தாண்டியும் போகாதவங்க நூத்துல ஒருத்தர்கூட இல்ல.

மருந்து கொடுத்தா சீக்கிரம் ஒழியும்னு தோணும். பல நேரம் தலைகீழாதான் நடக்குது: குடல்ல காவலுக்கு இருக்கிற நல்ல கிருமிகள் சாகும், இது இன்னும் கொஞ்ச நாள் குடியிருக்கும். உங்க டாக்டர் சொன்னது சரி.

கவனம் வேண்டியது கைக்குழந்தை மேலதான். 3 மாசம் ஆகாத குழந்தைகளுக்கு இந்தக் கிருமி ரத்தத்துல ஏறிட வாய்ப்பு அதிகம். அதுக்குக் காய்ச்சலோ பேதியோ வந்தா அன்னிக்கே காட்டுங்க. பையனுக்குக் கால் கழுவி விட்ட கையை சோப்புப் போட்டுக் கழுவாம சின்னதுக்குப் பால் கலக்காதீங்க.

சும்மாவந்தவன்:
டைஃபாய்டு மேரி மாதிரி ஆயுசுக்கும் ஒட்டிக்காதா சார்?

லேப்காரர்:
பயமுறுத்தாதீங்க தம்பி. அது டைஃபாய்டு கிருமி, சால்மோனெல்லாவுல வேற வகை. அதுல நூத்துக்கு 1 முதல் 5 பேர் வரை நீண்டகாலம் சுமப்பாங்க. பித்தப்பையில, அதுவும் கல் இருந்தா அதுமேல படலமா ஒட்டிக்கும். நீங்க சொன்ன மேரி மாலன் அப்படிக் கிருமியைச் சுமந்தவங்க, நியூயார்க்ல சமையல்காரி. 1907-ல தனிமையில வச்சாங்க, சமைக்கக் கூடாதுன்னு சொல்லி 1910-ல விட்டாங்க. 1915-ல ஒரு மருத்துவமனையில சமைச்சுக்கிட்டிருந்தப்போ மறுபடி பிடிச்சாங்க. 1938-ல சாகிறவரை விடல. இப்போ அப்படிப்பட்டவங்களுக்குப் பல வாரம் மாத்திரை, தேவைப்பட்டா பித்தப்பையை எடுத்துடுவாங்க.

ரெண்டுவாலு_அம்மா:
நன்றி சார். அடுத்த தடவை நெகட்டிவ் வந்தா நிம்மதியா இருக்கலாமா?

லேப்காரர்:
ஒரு நெகட்டிவை நம்பிக் கை கழுவுறதை விட்டுடாதீங்க. இது விட்டுவிட்டுத்தான் வெளியேறும். இன்னிக்கு இல்லாதது அடுத்த வாரம் வரலாம். டாக்டர் கேட்டா ஒழிய நீங்களா டெஸ்ட்டுக்குக் கொடுத்துக்கிட்டு இருக்க வேண்டாம், வீண் செலவு.