"மின் மைலேஜ்" வேண்டாம், "வழிநுகர்வு" என்போம்

அனைவருக்கும் வணக்கம்.

> மின் பைக் கட்டுரையில் "ஒரு கிலோமீட்டருக்கு இத்தனை வாட் மணி" என்ற அளவுக்கு என்ன பெயர் வைப்பது? "மின் மைலேஜ்" போதாதா?

போதாது ஐயா. மைலேஜ் என்றால் கூடக் கூட நல்லது. இந்த அளவோ குறையக் குறைய நல்லது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் பட்டியலைப் பார்க்கிறவர் தலைகீழாகப் புரிந்துகொள்வார்.

சரி, மைலேஜையே அளவாக வைத்துக்கொள்ளலாமே என்றால், அதிலும் சிக்கல் இருக்கிறது. வேகம் மாறும்போது என்ன ஆகிறது என்று பாருங்கள். ஆளும் வண்டியும் சேர்ந்த ஒரு சாதாரண மின் ஸ்கூட்டருக்கு டயரின் உருளல் தடை 25 நியூட்டன், இழுவைக் கெழுவையும் (வடிவம் காற்றை எவ்வளவு தடுக்கிறது என்ற எண்) முகப்புப் பரப்பையும் பெருக்கினால் 0.6 சதுர மீட்டர், பேட்டரியிலிருந்து சக்கரம் வரை 80 விழுக்காடு பயனுறுதிறன் என்று வைத்துக் கணக்குப் போட்டேன். சமதளம், எதிர்காற்று இல்லை. மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் கிலோமீட்டருக்குச் சுமார் 12.5 வாட் மணி வருகிறது. 40-இல் 24, 60-இல் 43, 80-இல் 70. உருளல் தடை அநேகமாக அப்படியே இருக்க, காற்றுத் தடை மட்டும் வேகத்தின் இருமடியில் ஏறுகிறது. 20-இல் 11 நியூட்டனாக இருந்தது 80-இல் 178 ஆகிவிடுகிறது.

இப்போது 10 கி.மீ. தூரம் 40-இலும், அடுத்த 10 கி.மீ. 60-இலும் போனால் 240-ஐயும் 430-ஐயும் கூட்டி 670 வாட் மணி என்று சொல்லிவிடலாம். மைலேஜில் அப்படிக் கூட்ட முடியாது. ஒரு யூனிட்டுக்கு (ஆயிரம் வாட் மணி) 42 கி.மீ., 23 கி.மீ. என்று இருப்பதைச் சராசரி பார்த்தால் 32.5 வரும். உண்மையில் கிடைப்பது 30தான். பயணத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கணக்குப் பார்க்கிறவருக்குத் தூரத்துக்கான நுகர்வுதான் கைகொடுக்கும். அதற்குத் தனிப் பெயர் கட்டாயம் தேவை.

இதற்காக இதுவரை நண்பர்கள் முன்வைத்த சொற்களில் "மின் நுகர்வு" தவறில்லை, ஆனால் வீட்டு மீட்டருக்கும் அதே சொல். தூரம் அதில் தொனிக்கவில்லை. "ஓட்ட நுகர்வு" எனக்கு முதலில் பிடித்திருந்தது. மின்னியலில் ஓட்டம் என்றால் ஆம்பியர் நினைவுக்கு வருவதால் விட்டுவிடலாம். "தொலைநுகர்வு" என்றால் தொலைபேசி, தொலைக்காட்சி வரிசையில் எங்கோ தொலைவில் இருந்து நுகர்வதாகிவிடும். "திறன் செலவு" கூடவே கூடாது. திறன் என்பது வாட், இங்கே நாம் பேசுவது வாட் மணி, அதாவது ஆற்றல். 40-லிருந்து 80-க்குப் போனால் காற்றை எதிர்க்கும் திறன் எட்டு மடங்காகிறது, அதே காற்றுக்காகக் கிலோமீட்டருக்குச் செலவாகும் ஆற்றல் நான்கு மடங்குதான். இந்த வேறுபாட்டைச் சொல்லே மங்கவைத்துவிடக் கூடாது.

என் பரிந்துரை "வழிநுகர்வு". வழிச்செலவு என்று ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது, போகிற வழிக்கு ஆகும் பணம். அதன் அச்சிலேயே இதை வார்த்திருக்கிறேன். நுகர்வு என்று வந்துவிட்டதால் பணத்தோடு குழம்பாது. முன்னொட்டும் இயல்பாக ஒட்டுகிறது: சீரான வேகத்தில் அளந்தால் "நிலைவேக வழிநுகர்வு", சிக்னலில் நின்று நின்று போவதற்கு "நகர வழிநுகர்வு". இலங்கை நண்பர்கள் சக்தி, வலு என்று எழுதுவதை நாம் ஆற்றல், திறன் என்கிறோம். இந்தச் சொல்லில் அந்த நான்குமே இல்லை என்பதால் இரு பக்கமும் தயக்கமின்றி எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. வாட் மணியைக் கிலோமீட்டரால் வகுத்தால் கிடைப்பது விசைதான். 1 வாட் மணி/கி.மீ. என்பது 3.6 நியூட்டன். மேலே சொன்ன ஸ்கூட்டர் 60-இல் போகும்போது, இடையில் வீணாகும் 20 விழுக்காடு போக, சக்கரம் தரவேண்டியது 125 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 13 கிலோ அரிசிப் பையைத் தூக்கிப் பிடிக்கும் விசை. கட்டுரையில் இதை ஒரு வரியாவது சேருங்கள், படிக்கிறவருக்கு எண் சட்டென்று பிடிபடும்.

அப்புறம், வேகத்தைச் சொல்லாமல் வழிநுகர்வை மட்டும் எழுதக் கூடாது என்ற விதியையும் சொல்லோடு சேர்த்தே வைக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். ஏத்தர் 450எக்ஸ் மின் ஸ்கூட்டர் 2022-இல் 3.7 கிலோவாட் மணி பேட்டரியோடு வந்தபோது ஒரு முழு சார்ஜுக்குச் சான்றிதழ் ஓடுதூரம் 146 கி.மீ., அந்த நிறுவனமே "உண்மை ஓடுதூரம்" என்று சொன்னது 105. அந்தச் சான்றிதழுக்கான இந்திய ஓட்டச் சுழற்சி என்ற சோதனைமுறையில் உச்ச வேகமே மணிக்கு 42 கி.மீ.தான். வேகம் தெரியாமல் 146-ஐ மட்டும் படித்துவிட்டு நான்குவழிச் சாலையில் ஏறுகிறவர் பாதி வழியில் சார்ஜ் தேடி நிற்பார்.

மிகக் குறைந்த வேகத்தில் விளக்கு, திரை, கட்டுப்பாட்டுப் பெட்டி ஆகியவை இழுக்கும் மின்சாரம் அதிக நேரத்துக்கு நீடிப்பதால் வழிநுகர்வு மறுபடி ஏறும். இடையில் அது மிகக் குறைவாக இருக்கும் வேகத்துக்கு "சிக்கன வேகம்" எனலாமா? "சிறும வேகம்" என்றால் வேகமே சிறுமம் என்று பொருள் மாறிவிடும். இதற்கு மட்டும் இன்னும் நல்ல சொல் தோன்றினால் எழுதுங்கள். வழிநுகர்வுக்கு மறுப்பு இல்லையென்றால் கட்டுரைப் பட்டியலின் தலைப்பில் இன்றே மாற்றிவிடலாம்.

அன்புடன்.