புதுப்பிப்பு: முள்காட்டில் ராத்திரி கேட்ட 'சக் சக்' சத்தம் பக்கி என்ற இரவுப் பறவைதான்

போன மாதம் கேட்டிருந்தேன்: புதுக்கோட்டைக்கு வெளியே எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள முள்காட்டில், இருட்டியதும் ஒரு சத்தம். கோலிக்குண்டைச் சிமெண்ட் தரையில் போட்டால் துள்ளித் துள்ளி வேகமெடுத்து அடங்குமே, அப்படியே. தவளை, பல்லி, பக்கி என்று ஆளாளுக்குச் சொன்னீர்கள். எல்லோருக்கும் நன்றி.

பலித்தது, "டார்ச்சை நெற்றியோடு ஒட்டிப் பிடித்து மண்பாதையைப் பாருங்கள்" என்ற யோசனை. முதல் இரண்டு நாள் டார்ச்சை இடுப்பளவில் பிடித்து ஏமாந்தேன். பறவையின் கண்ணில் படும் ஒளி வந்த வழியே திரும்புவதால், விளக்கு நம் கண்ணுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். மூன்றாம் நாள் ஏழரை மணிக்குப் பாதை நடுவில் தணல் போல ஒரு சிவப்புப் புள்ளி. பத்தடி வரை போனேன், அசையவில்லை. இந்தியப் பக்கி! காய்ந்த சருகு நிறம், துளியூண்டு அலகு, அலகோரம் மீசை மயிர். எழும்பியபோது சிறகில் வெள்ளைப் புள்ளி. சிறகடிக்கும் ஓசையே இல்லை.

எதிர்பாராதது ஒன்று. மறுநாள் பகலில் அங்கே போனால், காலடியிலிருந்து ஒரு பக்கி கிளம்பியது. வெறுந்தரையில் இரண்டு முட்டை. கூடு என்று ஒரு குச்சிகூட இல்லை! வெளிர் நிறத்தில் செம்பழுப்புத் திட்டுகள். இன்னும் ஒரு எட்டு வைத்திருந்தால் மிதித்திருப்பேன். அப்புறம் அந்தப் பக்கம் போகவில்லை. படமும் எடுக்கவில்லை, மன்னிக்கவும். சத்தம் மட்டும் தினமும் கேட்கிறது.