புதுப்பிப்பு: ஸ்டீம் தேடல் பட்டியலில் விளையாட்டின் பெயர் படிக்க முடியாத சிக்கல் தீர்ந்தது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கேள்வி இதுதான்: ஸ்டீம் என்ற கணினி விளையாட்டுக் கடையில், என் விளையாட்டின் பக்கத்தில் பளிச்சென்று இருக்கும் கேப்ஸ்யூல் படம் (பெயரும் ஓவியமும் சேர்ந்த விளம்பரப் படம்), தேடல் பட்டியலில் மட்டும் ஏன் கசங்கித் தெரிகிறது?

கடைப் பக்கத்தின் மேலே வரும் 920×430 பிக்சல் ஹெடர் படத்தை அப்படியே சுருக்கி, 462×174 சின்ன கேப்ஸ்யூலாக ஏற்றியதுதான் தப்பு. அந்தச் சின்னப் படத்தை ஸ்டீம் 120×45 வரை தானாகக் குறுக்கிவிடும். ஹெடரில் மூன்றில் ஒரு பங்கு அகலம் இருந்த லோகோ அங்கே வெறும் 40 பிக்சல். ஒன்பது எழுத்துப் பெயர் என்றால் எழுத்துக்கு நாலு பிக்சல், அவ்வளவுதான்.

பலித்த யோசனை: "சுருக்காதீங்க, தனியா செய்யுங்க." கதாபாத்திரத்தைத் தூக்கியாயிற்று. லோகோ இப்போது அகலத்தில் 90 சதவீதம். 2 பிக்சல் வெளிக்கோடும் போயிற்று. 120க்கு வரும்போது அது அரை பிக்சலாகி எழுத்தோரத்தை அழுக்காக்கியது. பின்னணியில் ஒரே அடர்நிறம். நிறத்தை இன்னும் தூக்கலாக்கும் யோசனை உதவவில்லை: கறுப்பு வெள்ளையாக்கிப் பார்த்தால் எழுத்தும் பின்னணியும் ஒரே சாம்பல்.

சோதிக்க, 120×45 நகலைத் தேடல் பட்டியலின் ஸ்கிரீன்ஷாட்டில் ஒட்டி 100 சதவீத அளவிலேயே பாருங்கள். பெரிதாக்கிப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள்.

எதிர்பாராதது ஒன்று: ஹெடரின் மூலையில் இருந்த விருது முத்திரையையும் எடுக்க வேண்டியதாயிற்று. 2022 செப்டம்பர் 1 முதல் கேப்ஸ்யூலில் விருது, விமர்சன மதிப்பெண், தள்ளுபடி வாசகம் எதுவும் கூடாது. வாங்கியவரின் லைப்ரரியில் விளையாட்டுப் பக்கத்தின் மேலே வரும் அகலப் படமான 3840×1240 லைப்ரரி ஹீரோவில் பெயரே கூடாது. அதற்கான லோகோவைப் பின்னணி இல்லாத தனி பிஎன்ஜி படமாக ஏற்ற வேண்டும்.