தொலைவிலுள்ள என்எஃப்எஸ்: மவுண்ட் அமைப்புகளை மாற்றினால் போதுமா?

கோப்பன்: எங்கள் என்எஃப்எஸ் (வலையமைப்பு வழியாகக் கோப்புகளைப் பகிரும் முறை) சர்வருக்கும் லினக்ஸ் கிளையன்டுக்கும் இடையே 1 ஜிகாபிட் இணைப்பு இருக்கிறது, ஆனால் ஒரு பாக்கெட் போய்வர 100 மில்லிவிநாடி ஆகிறது. பெரிய கோப்பைப் படித்தால் விநாடிக்கு 1 எம்பி அளவில்தான் வருகிறது. சோர்ஸ் கோடு முழுவதிலும் ஒரு சொல்லைத் தேடினால் அரை மணி நேரம் கடந்தும் முடிவதில்லை. மவுண்ட் அமைப்புகளில், அதாவது சர்வரின் அடைவைக் கிளையன்டில் இணைக்கும் அமைப்புகளில், எதை மாற்றலாம்?

அலைவரி: ரீட்-அஹெட் அளவைப் பாருங்கள், அதாவது நிரல் கேட்கும் முன்பே கிளையன்ட் எவ்வளவு தரவை வரவழைக்கிறது என்பதை. 5.4 கர்னல் முதல் என்எஃப்எஸ்ஸுக்கு அதன் இயல்பு மதிப்பு 128 கேபிதான். 100 மில்லிவிநாடிக்கு ஒருமுறை 128 கேபி வந்தால் விநாடிக்குச் சுமார் 1.25 எம்பி, நீங்கள் காண்பதும் ஏறக்குறைய அதுவே. உங்கள் இணைப்பு நிரம்ப வேண்டுமென்றால் எந்நேரமும் 12.5 எம்பி தரவு வழியில் இருந்தாக வேண்டும். ஆகவே ரீட்-அஹெட்டை 16 எம்பிக்கு உயர்த்துங்கள், டிசிபி பஃபரின் (வழியில் உள்ள தரவுக்கான நினைவகத்தின்) உச்சவரம்பைக் கூட்டுங்கள், என்கனெக்ட் என்ற மவுண்ட் விருப்பம் கொண்டு பல டிசிபி இணைப்புகளைத் திறந்து பாருங்கள்.

கருவாளன்: பெரிய கோப்புக்கு இது சரி, தேடலுக்கு உதவாது. ஒவ்வொரு கோப்பையும் திறக்க ஒரு சுற்று (ஒருமுறை போய்வர ஆகும் 100 மில்லிவிநாடி), படிக்க ஒரு சுற்று என்று வைத்தாலும் 10,000 கோப்புகளுக்கு 2,000 விநாடி, அதாவது 33 நிமிடம். தேடும் நிரல் ஒரு கோப்பை முடித்த பிறகே அடுத்ததைக் கேட்பதால், பஃபரை எவ்வளவு பெரிதாக்கினாலும் இந்தக் காத்திருப்பு குறையாது. எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கட்டளை இடும் வழி) மூலம் சர்வருக்குள் நுழைந்து தேடலை அங்கேயே ஓட்டுங்கள். தொகுப்பு (கம்பைல்) வேலைக்கு, கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் கருவி மூலம் உள்ளூர்ப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.

அலைவரி: பிரதி எடுத்த கணமே எது மூலம் என்ற குழப்பம் தொடங்கிவிடும், இருவர் இரு பக்கமும் திருத்தினால் அதைச் சீர்செய்வது பெரும்பாடு. அதைவிட எஃப்எஸ்சி என்ற மவுண்ட் விருப்பத்தோடு உள்ளூர் வட்டில் கேஷ் (படித்த தரவின் தற்காலிகச் சேமிப்பு) வையுங்கள், கோப்பு விவரங்களைச் சர்வரிடம் மீண்டும் கேட்காமல் எத்தனை விநாடி நம்பலாம் என்று சொல்லும் ஆக்டிமியோவை 600 ஆக்குங்கள்.

கருவாளன்: கேஷ் இரண்டாம் முறைக்குத்தான் பயன்படும். ஆக்டிமியோ 600 என்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். கோப்பைத் திறக்கும்போது கிளையன்ட் சர்வரிடம் சரிபார்த்துக்கொள்ளும் என்பது உண்மை. ஆனால் மேக் (நிரலைத் தொகுக்கும் கருவி) கோப்பைத் திறப்பதில்லை. ஸ்டாட் செய்து, அதாவது கோப்பின் விவரங்களைக் கேட்டு, திருத்திய நேரத்தை மட்டுமே பார்க்கிறது. வேறொரு கிளையன்டில் செய்த திருத்தம் பத்து நிமிடம் வரை அதன் கண்ணில் படாமல், பழைய ஆப்ஜெக்ட் கோப்பே (முன்பு தொகுத்த வடிவம்) எந்தப் பிழைச்செய்தியும் இன்றி இறுதி நிரலில் லிங்க் ஆகிவிடும்.

கோப்பன்: சர்வர் எக்ஸ்போர்ட்டில் (அடைவைப் பகிரும் அமைப்பில்) அசிங்க் வைத்தால் எழுதும் வேகம் கூடுமா?

அலைவரி: கூடும், ஆனால் வேண்டாம். வட்டில் எழுதும் முன்பே எழுதியாயிற்று என்று சர்வர் பதில் சொல்லிவிடும். அந்நேரம் மின்சாரம் போனால் இழப்பு கிளையன்டுக்குத் தெரியவே தெரியாது. இதில் கருவாளனும் என்னோடு உடன்படுவார். ஆக்டிமியோ பற்றிய அவர் வாதத்தை, பலர் எழுதும் அடைவுக்கு மட்டும் ஏற்கிறேன். படிக்க மட்டுமே பயன்படும் நூலக அடைவைத் தனியே மவுண்ட் செய்து அங்கே 600 வைப்பதில் எனக்குத் தயக்கமில்லை.