புதுப்பிப்பு: டெங்கு கிளெய்ம் சரிபார்ப்பில் விட்டுப்போனவை

பெங்களூரு நர்சிங் ஹோம்களிலிருந்து வரும் மருத்துவக் காப்பீட்டு டெங்கு கிளெய்ம்களில், தட்டணு (டெங்குவில் குறையும் ரத்த அணு) எண்ணிக்கையை இன்சூரன்ஸ் விசாரணையாளர்கள் சரிபார்ப்பது பற்றிப் போன வாரம் எழுதியிருந்தேன். "அச்சடித்த லேப் ரிப்போர்ட்டில் என்னங்க கண்டுபிடிப்பது?" என்று அல்சூர் நண்பர் கேட்டிருந்தார்.

ரிப்போர்ட்டை விடுங்கள், மெஷினைப் பாருங்கள். ரத்த அணுக்களை எண்ணும் செல் கவுன்ட்டர் ஒவ்வொரு சாம்பிளுக்கும் எண், தேதி, நேரம் பதிந்து வைக்கும். ரிப்போர்ட்டில் தட்டணு 38,000 (மிகக் குறைவு), மெஷினில் 1,80,000 (இயல்பான அளவு) என்றால் அதுவே சாட்சி. மெமரி நிறைந்தால் பழைய பதிவு அழிந்துவிடும். கிளெய்ம் வந்த அன்றே போய்விடுங்கள்.

அடுத்து மருந்துக் கணக்கு. செஃப்ட்ரையாக்சோன் (ஆன்டிபயாடிக் ஊசி) 1 கிராம், தினம் 2 வேளை, 5 நாள்: 1 கிராம் வயல் (மருந்துக் குப்பி) 10. (டெங்குவுக்கு ஆன்டிபயாடிக் எதற்கு என்பதையும் டாக்டரிடம் கேட்க வேண்டும்.) பில்லில் 10, நர்ஸ் சார்ட்டில் 7 கையெழுத்து என்றால் உடனே மோசடி என்று எழுதிவிடாதீர்கள். டாக்டர் நடுவில் நிறுத்தினாரா, மீதி 3 வயலுக்கு ரிட்டர்ன் பில் உண்டா என்று பாருங்கள். பேட்ச் எண்ணைக் கொள்முதல் பில்லோடு ஒப்பிடுங்கள். மூன்று ஷிஃப்டின் காய்ச்சல் சார்ட்டும் ஒரே கையெழுத்து, ஒரே மை என்றால் ஒரே மூச்சில் எழுதியதாக இருக்கலாம்; அன்று எந்த ஷிஃப்டில் யார் வேலை செய்தார்கள் என்று காட்டும் டியூட்டி ரோஸ்டரைக் கேளுங்கள்.

ஒரு திருத்தம்: 60 மாதம் தொடர்ந்த பாலிசியில் பழைய நோயை மறைத்தார் என்று கிளெய்மை மறுக்க முடியாது என்றேன். ஆனால் நிரூபிக்கப்பட்ட மோசடிக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

பல சமயம் நோயாளி உண்மையிலேயே காய்ச்சலில் கிடந்திருப்பார், பில்லை ஊதிப் பெருக்கியது ஆஸ்பத்திரி. நோயாளியைக் குற்றவாளிபோல் விசாரிக்காதீர்கள்.