மறு: அப்பாலஜெட்டிக் அப்பாஸ்ட்ரஃபி – ஸ்காட்ஸ் சொற்பட்டியலுக்கு ஒரு கலைச்சொல்

வணக்கம். ஸ்காட்ஸ் என்பது ஸ்காட்லாந்தில் பேசப்படும், ஆங்கிலத்துக்கு நெருங்கிய உறவுள்ள மொழி. அதை எழுதும்போது எழுத்து விடுபட்டதாகக் காட்டப் போடும் மேற்குறியை (') ஆங்கிலத்தில் 'அப்பாலஜெட்டிக் அப்பாஸ்ட்ரஃபி', அதாவது மன்னிப்புக் கேட்கும் குறி, என்பார்கள். நம் சொற்பட்டியலில் அதற்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்று வந்த யோசனைகளுக்கு என் பதில் இது.

> "மன்னிப்புக் குறி" என்றே வைத்துவிடலாமே, நேரடியாக இருக்கிறது.

வைக்கலாம் ஐயா. ஆனால் யார் யாரிடம் எதற்கு மன்னிப்புக் கேட்கிறார்கள் என்று பட்டியலைப் புரட்டுகிறவர் குழம்புவார். ஸ்காட்லாந்திலேயே இது கொஞ்சம் குத்தலான பெயர்தான். 18ஆம் நூற்றாண்டில் ஆலன் ராம்சே, ராபர்ட் ஃபெர்கூசன், ராபர்ட் பர்ன்ஸ் ஆகியோரின் கவிதைகள் அச்சேறியபோது, ஆங்கிலச் சொல்லில் இருக்கிற, ஸ்காட்ஸில் இல்லாத எழுத்துக்குப் பதிலாக மேலே ஒரு குறி போடுவது வழக்கமாயிற்று. ஆங்கிலம் படித்தவருக்கு எளிதாக இருக்கட்டும் என்று செய்ததுதான். விளைவு, ஸ்காட்ஸ் ஏதோ எழுத்து உதிர்ந்த ஆங்கிலம் என்ற தோற்றம்.

'ஃபு'' (fu') என்ற சொல்லைப் பாருங்கள், கடைசியில் இருப்பதுதான் அந்தக் குறி. பொருள்: நிறைந்த, பேச்சில், குடித்து நிறைந்தவர். ஒலிப்பு 'ஃபூ'. ஆங்கில 'ஃபுல்'லின் லகரம் போய்விட்டது என்கிறது அந்தக் குறி. அந்த லகரமோ 15ஆம் நூற்றாண்டிலேயே உயிரொலியில் கரைந்துவிட்டது. 'எல்லாம்' எனப் பொருள்படும் 'ஆ'' என்பதும் இப்படித்தான். இன்னும் வேடிக்கை, வினையெச்சம்போல வரும் 'இன்'' (-in') விகுதி, ஆங்கிலத்தில் -ing. அதில் 'ஜி' விழுந்துவிட்டதாகக் குறி போடுகிறார்கள். பழைய ஸ்காட்ஸில் அந்த விகுதி 'அண்ட்'. ஜி இருந்தால்தானே விழ!

> செய்யுள் விகாரத்தில் முதற்குறை, இடைக்குறை, கடைக்குறை இருக்கின்றனவே. இதைப் "பொய்க்குறை" எனலாம்.

அழகான சொல், முதலில் எனக்கும் பிடித்தது. 'ஃபு''வுக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் 'வி'' (உடன்), 'ஓ'' (உடைய) போன்றவற்றில் ஒரு மெய் உண்மையிலேயே தேய்ந்து மறைந்திருக்கிறது. அவற்றைப் பொய் என்பது நியாயமில்லை. அங்கே ஆட்சேபம், ஆங்கிலத்தை அளவுகோலாக வைத்துக் குறி போட்டதில்தான். "போலிக்குறை"யும் வேண்டாம், போலி என்றதும் இலக்கணம் படித்தவர் முதற்போலி, கடைப்போலிக்குப் போய்விடுவார்.

என் ஓட்டு "கூச்சக்குறி"க்கு. தன் மொழியை எழுதவே கூசுகிற தொனி அதில் இருக்கிறது, இரண்டு வகையையும் தாங்கும். நம் கதைகளில் 'வந்துட்டான்' என்று குறி எதுவும் போடாமல்தானே எழுதுகிறோம்? 1947இல் எடின்பரோவில் கவிஞர்கள் கூடி எழுத்துமுறைக்கு ஒரு வரைவு ஏற்றுக்கொண்டபோது இந்தக் குறிகளைக் களையப் பார்த்தார்கள். ஆகவே பட்டியலில் குறியில்லாத வடிவமே தலைச்சொல்லாக இருக்கட்டும், குறியுள்ளது "கூ.கு." என்ற சுருக்கத்தோடு பின்னால் வரட்டும்.

அப்புறம் 'ஸ்பெல்லிங் வேரியன்ட்'டுக்குப் "பாடபேதம்" வேண்டாம், அது சுவடிக்காரர்களின் சொல். "எழுத்து வேறுபாடு" போதும்.

ஒலிப்புப் பத்திதான் தலைவலி. 'நல்ல' எனப் பொருள்படும் ஒரே சொல்லை (guid), ஒரே எழுத்தில் எழுதி, அபர்தீன் பக்கம் 'க்வீட்' என்பார்கள், மத்தியத் தாழ்நிலத்தில் 'கிட்' என்பார்கள். வட்டாரப் பெயர் இல்லாமல் ஒலிப்பு கொடுத்தால் பாதிப் பேருக்குத் தவறாகிவிடும். தொண்டையில் உரசும் ஒலிக்கு ஆய்தம் கைகொடுக்கும்: 'ட்ரீஃக்' (மழை மப்பும் மந்தாரமுமாக, சலிப்பூட்டும் நாள்), 'லாஃக்' (ஏரி). எஃகு சொல்லத் தெரிந்தவர் ஓரளவு சரியாகவே வாசித்துவிடுவார்.

கூச்சக்குறியோடு சேர்க்கக்கூடாத இன்னொரு வகையும் உண்டு. 'யோக்' என்ற பழைய எழுத்துக்கு அச்சு இல்லாமல் இசட் எழுத்தைக் கோத்தார்கள். 'மென்சீஸ்' என்று படிக்கத் தோன்றும் குடும்பப் பெயரை அங்கே 'மிங்கிஸ்' என்பது அதனால்தான். இதற்கு "அச்சுமாற்றெழுத்து" என்று தற்காலிகமாகக் குறித்திருக்கிறேன். நீளம்தான். சுருக்கமாக யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.

அன்புடன்