ட்சாவ்ஷூ: வளைவுகளில் தூரிகை பிளக்கிறது, உதவுங்களேன்

வணக்கம். சீனத் தூரிகை எழுத்துக்கலையில் வேகமாக, சேர்த்து எழுதும் பாணியான ட்சாவ்ஷூ பழகுகிறவர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா? இரண்டு மாதமாக, சீனாவின் தாங் வம்சக் காலத் துறவி ஹுவாய்சு 777இல் எழுதிய தன்வரலாற்றுச் சுருளின் அச்சுப் பிரதியைப் பார்த்து எழுதிப் பழகுகிறேன். மூலம் தைபேயின் தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

வளைவுகளில்தான் தகராறு. அவர் கோடு எப்படிச் சுழன்றாலும் வளைத்த கம்பி மாதிரி உறுதியாக நிற்கிறது. தூரிகை முனை கோட்டின் நடுவிலேயே ஓடியிருப்பது தெரிகிறது. எனக்கோ முனை ஓரத்துக்கு ஒதுங்கி, மயிர் இரண்டாகப் பிளந்துவிடுகிறது. ஓர் எழுத்திலிருந்து அடுத்ததற்குப் போகும் இழையும் நூல் போல மெலியாமல் தடித்துப்போகிறது. எது எழுத்து, எது இணைப்பு என்று எனக்கே தெரியவில்லை. மை வற்றும்போது கோட்டுக்குள் வெள்ளைக் கீற்று விழுமே, ‘பறக்கும் வெள்ளை’, அது மட்டும் கேட்காமலே வருகிறது!

என்னிடம் இருப்பது ஆட்டு மயிர்த் தூரிகையும் மை உறிஞ்சும் ஷுவான் காகிதமும். கொஞ்சம் தயங்கினால் மை ஊறிப் பரவுகிறது. ‘ஓநாய் மயிர்’ என்று விற்கிறார்களே (உண்மையில் அது கீரி போன்ற சிறு விலங்கான வீசலின் மயிர்), அதற்கு மாறினால் முனை சேர்ந்து நிற்குமா? அல்லது முழங்கையை மேசையில் ஊன்றி எழுதுவதுதான் தப்பா? அப்புறம், இதை ஒதுக்கிவிட்டு 687இல் சுன் குவோதிங் என்ற எழுத்துக்கலைஞர் எழுதிய நிதானமான ட்சாவ்ஷூவிலிருந்து தொடங்கலாமா? நான் எழுதிய ஒரு தாளின் படத்தைக் கீழே போடுகிறேன். தாராளமாகத் திட்டலாம்.